நின்றுகொண்டே பார்த்த துப்பறியும் தொடர்

புதுச்சேரியில் நான் டி.வி. பழுது பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அம்மா நல்ல உயரம். நைட்டிக்கு மேல் துண்டு, கழுத்தில் சிறிய சிலுவை.

“சீக்கிரம் பாரு தம்பி, இன்னிக்கிதான் கடைசி பாகம்” என்றார்.

அது ஆங்கிலத் தொடர். இங்கிலாந்தில் ஒரு கிராமத்து ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் அடுத்தடுத்துக் கொலைகள் நடக்கின்றன. படம் தெளிந்ததும் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் உள்ளறைக் கதவில் சாய்ந்து நின்றபடியே பார்த்தார். உள்ளே பக்கவாதத்தில் விழுந்த கணவர் படுத்திருந்தார். கூப்பிட்டால் உடனே ஓட வேண்டும் என்பதால் உட்காரும் வழக்கமே விட்டுப்போயிற்றாம்.

கொலைகாரனைப் பிடிக்க ஒரு வாரமாகும், அதுவரை யாரும் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்றார் துப்பறிபவர். பாதிரியார் உட்பட எல்லோரும் கொதித்தார்கள்.

அம்மா சிரித்தார். “ஒரு வாரத்துக்கே இந்தக் குதி குதிக்கிறாங்க பாரு. நான் தெருக்கோடியில இருக்கிற கோயிலுக்குப் போயி எத்தினி வருசமாவுது!”

அப்போது உள்ளிருந்து முனகல் கேட்டது. அவர் ஈரக் கையோடு திரும்பி வந்தபோது தொடர் முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கொலை செய்தது யாரென்று சொல்ல வாயெடுத்தேன்.

“அத வுடு தம்பி. மத்தவங்கள வெளிய போவ வுட்டுட்டாங்களா?”

“வுட்டுட்டாங்கம்மா. எல்லாரும் கார்ல ஏறிப் போயிட்டாங்க.”

“போவட்டும், போவட்டும்” என்றார்.

நான் சைக்கிளில் ஏறித் தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். வாசற்படியைத் தாண்டாமல் நின்று, நான் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கையசைப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.