மஞ்சள் சீட்டு, வெள்ளைச் சீட்டு

இப்போது எங்கள் பட்டறையில் மூன்று பேர் கேட் பாஸில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை ஒரு ஸ்க்ரூகூடக் காணாமல் போகவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அதற்கு முன் பதினாறு வருஷம் அந்தக் கையெழுத்தை நான் ஒருவன்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில், ராமச்சந்திராபுரம் தாண்டி, தகரக் கூரை போட்ட பட்டறை. லிஃப்டை இயக்கும் மின்சாரச் சாமான்களை உள்ளே வைத்துப் பூட்டுகிற இரும்புப் பெட்டிகள் செய்கிறோம். கச்சிபௌலிப் பக்கம் முப்பது மாடி, நாற்பது மாடி என்று கட்டிக்கொண்டே போகிறார்களே, அங்கே ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு பெட்டி வேண்டும். மாடிகள் ஏறிக்கொண்டிருந்தன. நாங்கள் மாதம் நாற்பது பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். ஏன் என்று கேட்பவர்களிடம், தரம் என்று சொல்வேன். உண்மை என்னவென்றால், ஒரு நாளைக்கு இரண்டு பெட்டிக்கு மேல் என்னால் டேப் வைத்து அளந்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்து, கையெழுத்துப் போட முடியாது.

கேட் பாஸ் சீட்டு இரண்டு வகை. ரிப்பேருக்குப் போகிற டிரில்லிங் மெஷின், கம்பெனி வேன் என்று வெளியே போய்த் திரும்பி வருபவற்றுக்கு மஞ்சள். போனால் வராதவற்றுக்கு வெள்ளை. இரண்டு புத்தகமும் என் மேஜை டிராயரில் இருக்கும். டிராயர் சாவி என் சட்டைப் பையில் இருக்கும். கேட்டில் நின்றவர் போலாரத்திலிருந்து பஸ் மாறி வருகிற ஓய்வுபெற்ற ராணுவக்காரர். சீட்டு இல்லாமல் முதலாளியே வந்தாலும் விடக்கூடாது என்று அவர் சேர்ந்த அன்று சொல்லி வைத்தேன். பட்டாளத்தில் இருந்தவரிடம் அப்படியெல்லாம் சொல்லக்கூடாது.

நான் வானத்திலிருந்து இப்படிக் குதித்துவிடவில்லை. இளம் என்ஜினீயராக ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். அங்கே ஓர் அதிகாரியின் அறை வாசலில் ஃபைலும் கையுமாக நின்றே பல மதியங்கள் கழிந்தன. நான் ஒரு நாள் முதலாளி ஆனால் யாரையும் இப்படி நிற்கவைக்க மாட்டேன் என்று அப்போது சபதம் எடுத்தேன். சபதத்தைக் காப்பாற்றவும் செய்தேன். என் அறை வாசலில் மூன்று நாற்காலி போட்டேன். எல்லோரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

அந்த நாற்காலியில் அதிகம் உட்கார்ந்தவர் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். டிப்ளமோ முடித்த கையோடு எங்களிடம் வந்து ஒன்பது வருஷம் இருந்தார். நேரில் ‘நீ’, ‘வா’, ‘போ’தான். எழுத்தில் எனக்கு மரியாதை அதிகம். இரும்பு ஷீட்டைத் தட்டிப் பார்த்தே எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று சொல்வார். நான் டேப் வைத்து அளப்பதற்கு முன்பே அவர் அளந்திருப்பார். நான் அளப்பது அவர் அளந்தது சரிதானா என்று பார்க்க. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் தப்பாக அளந்ததில்லை. அதனால் அளப்பதை நிறுத்தலாம் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

லிஃப்ட் கம்பெனி ஒன்றின் பெரிய ஆர்டரைப் பிடித்துக்கொண்டு வந்ததும் அவர்தான். மாதம் இருநூறு பெட்டி. முதலில் சோதனைக்கு அறுபது, சொன்ன தேதியில் சேர்ந்தால் மற்றது என்று பேச்சு. அவர்களுடைய பர்ச்சேஸ் அதிகாரி கச்சிபௌலியிலிருந்து இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் வந்து பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் பிடித்திருந்தது. நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று மட்டும் கேட்டார். நான் ஊருக்குப் போவதில்லை என்றேன். அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். என்னைப் பாராட்டி எழுதுகிறார் என்று நினைத்தேன்.

அவர் போனதும் மேனேஜர் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. மாதம் இருநூறு என்றால் இரண்டு ஷிஃப்ட் ஓட வேண்டும், இரண்டாவது ஷிஃப்டில் சீட்டுக்கு யாரைத் தேடுவது, வெள்ளைப் புத்தகத்தை மட்டுமாவது தன்னிடம் கொடுங்கள் என்று கேட்டார். இந்த வேலை தனக்கு எவ்வளவு முக்கியம் என்றும், இந்த ஆர்டர் கைக்கு வந்தால்தான் தான் இங்கே இருப்பதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். யோசிக்கிறேன் என்றேன். யோசித்தேன். மறுநாள் ஒரு மடக்குக் கட்டில் வாங்கி என் அறையில் போட்டேன், இரண்டாவது ஷிஃப்டுக்கும் நானே இருக்கலாம் என்று. கட்டிலை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறுபதில் ஐம்பத்திரண்டு பெட்டி முடிந்த அன்று காலை பதினொரு மணிக்கு எனக்கு நெஞ்சு வலித்தது. கேஸ் என்று சொல்லிப் பார்த்தேன். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. நான்கு பேர் தூக்கி வேனில் உட்காரவைத்தார்கள். வேன் கேட்டில் போய் நின்றது. ராணுவக்காரர் சீட்டைக் கேட்டார்.

டிரைவர் அவரைத் தெலுங்கில் திட்டினார். அவர் அசையவில்லை, முகம் மட்டும் அழுகிற மாதிரி இருந்தது. நான் அவருக்குக் கொடுத்த உத்தரவு அது. மேனேஜர் என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். திரும்பி வரும்போது சீட்டை எழுதியே கொண்டுவந்தார். பொருள் என்ற இடத்தில் ‘வேன் - 1’ என்று இருந்தது. என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் மஞ்சள் சீட்டு. அந்த வலியிலும் நான் அதைக் கவனித்தேன். கையெழுத்துப் போட்டேன். கேட் திறந்தது.

இரண்டு ஸ்டென்ட். நான்கு நாள் ஐ.சி.யு., நான்கு நாள் வார்டு, பிறகு வீட்டில் ஒரு வாரம். என் மனைவி போனைப் பிடுங்கி எங்கேயோ வைத்துவிட்டாள். ஃபோர்மேன் ஒரு நாள் டிபன் பைக்குள் வெள்ளைப் புத்தகத்தை ஒளித்து ஐ.சி.யு. வாசல் வரைக்கும் வந்தாராம். நர்ஸ் பையைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாராம். சரியான நர்ஸ். எங்கள் பட்டறையில் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வாரம் பட்டறைக்குப் போனேன். கேட்டைத் தாண்டியதும் அறுபது பெட்டிகள் தார்ப்பாய்க்குள் வரிசையாக நின்றன. மிச்சம் எட்டையும் முடித்து, பெயின்ட் அடித்து, பேக் செய்து, தேதிக்கு ஒரு நாள் முன்பே தயாராக வைத்திருக்கிறார்கள். நான் இல்லாமல் ஒன்றும் நகரவில்லை என்று எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்து எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. லிஃப்ட் கம்பெனி இரண்டு நாள் பார்த்துவிட்டு ஆர்டரை ஜீடிமெட்லாவில் ஒரு பட்டறைக்குக் கொடுத்துவிட்டது என்று ஃபோர்மேன் சொன்ன பிறகுதான் சந்தோஷம் போய்க் கோபம் வந்தது.

மேனேஜரைக் கூப்பிட்டேன். அன்றைக்குச் சாவியும் புத்தகமும் அவர் கையில்தான் இருந்தன.

“ஏம்மா, அவசரத்துக்கு நீயே ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கக்கூடாதா?”

“ஒரு தடவை போட்டேனே சார். ஞாபகம் இல்லையா?”

இல்லை. அவர் சொல்லச் சொல்ல வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் நான் திருச்சியில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். லாரிக்காரர் கிளம்புகிறேன் என்று நின்றிருக்கிறார். இவர் பன்னிரண்டு பெட்டிக்குத் தானே சீட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். மறுநாள் நான் வந்து, எல்லோரையும் ஷெட்டில் கூட்டி வைத்து, சீட்டை நான்காகக் கிழித்தேன். கிழித்ததோடு விட்டேனா? போய்ச் சேர்ந்த பன்னிரண்டு பெட்டியையும் திரும்ப வரவழைத்தேன். அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தன. கையெழுத்துப் போட்டு அதே லாரியில் மறுபடி அனுப்பினேன். கஸ்டமர் போன் செய்து பெட்டியில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார்.

அப்போது இவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஷெட்டில் எல்லோர் முன்னாலும் தலையைக் குனிந்து நின்றது இப்போது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஃபைலும் கையுமாக நின்ற என் பழைய மதியங்கள் ஒன்றில்கூட யாரும் என் காகிதத்தைக் கிழித்ததில்லை.

டிராயரைத் திறந்து இரண்டு புத்தகத்தையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இனிமேல் நீயே வைத்துக்கொள், சாவியும் உன்னிடமே இருக்கட்டும் என்றேன். இப்படிச் சொல்வதற்கு நெஞ்சில் இரண்டு கம்பிச் சுருள் தேவைப்பட்டிருக்கிறது.

“இப்ப நக்கோ சார், வேண்டாம்” என்றார், மெதுவாக. “டிரேல ஒரு லெட்டர் இருக்கு பாருங்க.”

பல வாரக் காகிதங்கள் கையெழுத்துக்காகக் குவிந்திருந்தன. அவருடைய ராஜினாமா அடியில் இருந்தது. கட்டில் வாங்கிய மறுநாள் தேதி. பெட்டி அளக்கிற மும்முரத்தில் நான் டிரேயைத் தொடவில்லை, பிறகு படுத்தும்விட்டதால் ஏற்றுக்கொள்ள ஆள் இல்லை. அதனால் அவர் நின்று அறுபது பெட்டியையும் முடித்திருக்கிறார். எங்கே போகிறாய் என்று கேட்டேன். ஜீடிமெட்லா என்றார். அங்கே கேட் பாஸ் யார் போடுவார்கள் என்றும் கேட்டேன். என்னால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஷிஃப்ட்ல யாரு இருக்காங்களோ அவங்க போடுவாங்க சார்.”

இரண்டு நாள் கெஞ்சினேன். சம்பளம், பதவி, பங்கு, எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் கோபமாக இருந்திருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். கோபமே இல்லை. மாத்திரை நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

கடைசி நாள் மாலை ஓர் அட்டைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். சீட்டு இல்லாமல் ராணுவக்காரர் விடமாட்டார் என்று அவருக்குத் தெரியும். எழுதியே கொண்டுவந்திருந்தார்: டீ கப் ஒன்று, சேஃப்டி ஷூ ஒரு ஜோடி, டிபன் டப்பா ஒன்று, குடை ஒன்று, டேப் ஒன்று (சொந்தம்). வெள்ளைச் சீட்டு.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றாவது சொல்லியிருக்கலாம். கை அதன் பாட்டுக்கு அட்டைப்பெட்டியைத் திறந்தது. அவர் மூடியைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். ஐந்து சாமான் எழுதியிருந்தது. எண்ணிப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன. கையெழுத்துப் போட்டேன்.