ரேவதி போட்ட ஓட்டை

போன செவ்வாய்க்கிழமை காலை, மாடி வீட்டு ரேவதியின் ஸ்கூட்டர் பஞ்சர். மேற்கு மாம்பலத்தில் இதெல்லாம் ஒரு செய்தியா? இல்லைதான். ஆனால் அன்றைக்குத் தரமணியில் அவளுடைய பிஎச்.டி. கமிட்டி கூடுகிறது. அடையாறுக்குக் கிளம்பிய நான், என் ஆட்டோவிலேயே அவளையும் ஏற்றிக்கொண்டேன்.

"இன்னிக்கு என்ன காட்டப் போறே?"

"ஓட்டை, அங்கிள்."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஓட்டைக்குக் கூட படிப்பு கீதா? இந்த சீட்டுல எத்தினி வோணும் உனக்கு?"

எப்போதும் சிரிப்பவள், சிரிக்கவில்லை.

அவளுடைய ஓட்டை லேசுப்பட்டதல்ல. சிலிக்கான் நைட்ரைடு என்ற பொருளாலான மெல்லிய படலத்தில், தலைமுடித் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அகலத்துக்குத் துளை. இருபுறமும் உப்புத் தண்ணீர், அதில் மின்சாரம். டி.என்.ஏ. இழை துளைக்குள் நுழையும்போது மின்சாரம் கொஞ்சம் குறையும். அதை வைத்து இழையை அளக்கலாம்.

"அப்புறம் என்ன கவலை?"

"ஒரே இழைக்குத் தினம் ஒரு அளவு வருது அங்கிள். என் கைதான் சரியில்லைன்னு ரெண்டு மாசம் அழுதேன். கடைசியில டி.என்.ஏ.வே போடாம, ஓட்டையை வெறும் உப்புத் தண்ணில ஒரு வாரம் வச்சுப் பார்த்தேன். ஓட்டை பெருசாகிட்டே போகுது! உப்புத் தண்ணி சுவரைக் கரைக்குது. மத்த லேப்ல எல்லாம் இதைச் சொல்லியிருக்காங்க... எனக்கு வராதுன்னு நெனச்சுட்டேன்."

ஆக, இரண்டு மாத அளவுகளும் நம்பத்தக்கவை அல்ல. அதில் நன்றாக வந்தவற்றை மட்டும் காட்டினால் யாருக்கும் தெரியாதாம்.

"அப்போ அதையே காட்டிடேன்!" என்றேன், தாராளமாக.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அங்கிள், பத்திரிகையில வர்ற உங்க பத்தியை இப்படித்தான் எழுதறீங்களா?"

"அப்டி கேளும்மா!" என்று ஆட்டோக்காரர் சிரித்த சிரிப்பு, அடையாறு சிக்னல் வரை ஓயவில்லை. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்ய?

சாயங்காலம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கமிட்டியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். பிறகு ஒரு பேராசிரியை, "சரி, இந்தத் துளை எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்க, இவள் அந்த ஒரு வாரத்து வரைபடத்தை எடுத்து நீட்டியிருக்கிறாள். கேள்விமேல் கேள்வி. முடிவில், பழைய அளவுகளை ஒதுக்கிவிட்டு, துளை கரையாமலிருக்க மெல்லிய ஆக்ஸைடு பூச்சு கொடுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள்.

"ஆறு மாசம் தள்ளிப் போச்சு அங்கிள்!"

லாட்டரி விழுந்த மாதிரி சொன்னாள்.

அளவு தப்பினால் நாம் கையைச் சந்தேகிப்போம், சரக்கைச் சந்தேகிப்போம். அளக்கிற கருவியே கரைந்துகொண்டிருக்கும் என்று யாருக்குத் தோன்றுகிறது?

என் மனைவி சுட்டுப் போட்ட அடைகளில் நான்கைத் தின்றுவிட்டுத்தான் ரேவதி மாடி ஏறினாள்.

உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறவர்களுக்கு நன்றாகப் பசிக்கும் போலிருக்கிறது!