முறக் கழுத்து மிருகத்துக்கு மாட்டுப் பொங்கல்

போன திங்கட்கிழமை நெமிலிச்சேரி பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் — இன்ஸ்பெக்டர் ஒருவர். வாத்தியார் ஒருவர். தரையில் பிள்ளைகள் பதினாலு பேர். வாசலில் மாடு மேய்க்கும் பொன்னியும் அவள் கூட்டாளிகளும். ஓரமாக நான். நடுவில் ஒரு டைனோசர்.

பயப்பட வேண்டாம். மண்ணில் செய்தது. செய்தது நான்தான். செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவன்... மண் என் சொல் கேட்கும்.

இருபது பேர் சேராவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவோம் என்று காகிதம் வந்திருந்தது. வேடிக்கை பார்க்கவாவது பிள்ளைகள் வரட்டும் என்று வாத்தியார் ஓர் இங்கிலீஷ் பத்திரிகைப் படத்தை என்னிடம் காட்டினார்.

"கோடி கோடி வருஷத்துக்கு முந்தினதுப்பா. கொம்பு வம்சம். ஆட்டு உசரம். தழைதான் தின்னும்."

கிளி மூக்கு. கழுத்தில் முறம் மாதிரி எலும்பு. பெயரும் சொன்னார். என் நாக்கில் ஏறவில்லை.

செய்து வைத்தேன். வாத்தியார் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார். அப்புறம்தான் யோசித்தேன். கொம்பு வம்சம் என்றாரே, படத்தில் கொம்பு எங்கே? வரைந்தவன் மறந்திருப்பான் என்று நானே இரண்டு வைத்தேன்.

மாட்டுப் பொங்கல் வந்தது. கொம்பைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? பொன்னி ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குச் சிவப்பு அடித்தாள். நெற்றியில் பொட்டு. முறத்தின் மேல் மாலை.

திங்கட்கிழமை தலை எண்ண வந்த இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார். மிருகத்தைப் பார்த்தார்.

"இதுக்கு ஏதய்யா கொம்பு?"

வாத்தியார் முகம் சுண்டிவிட்டது. நான் முன்னால் போனேன். "தப்பு என்னுதுங்க. கொம்பு வம்சம்னாரேன்னு, அவரு ஊர்ல இல்லாதப்போ வெச்சேன்."

"வம்சத்துக்குத்தான் அந்தப் பேர். இதுக்குக் கொம்பு முளைக்கலை" என்றார் இன்ஸ்பெக்டர்.

வாசலிலிருந்து பொன்னி சொன்னாள். "எங்க ஊட்ல ஒரு மோழை மாடு கீது சார். அதுக்கும் கொம்பு மொளைக்கல. அதுக்கோசரம் மாடு இல்லன்னு ஆயிடுமா?"

"கொம்பு இல்லன்னு அந்த மாட்டு மூஞ்சிக்கே சாயம் பூசிட்டா சார் இவ!" என்றான் ஒருவன் பின்னாலிருந்து.

இன்ஸ்பெக்டர் மீசை ஆடியது. "ரிஜிஸ்டரில் உன்னைக் காணோமே?"

"படிக்கவா வந்தேன்? இத்தப் பாக்கத்தான் டெய்லி வந்துகினு கீறேன்."

"அப்படியே படிச்சா என்ன?"

"மாட்ட யாரு பாத்துப்பா? நீயா சார்?"

வாத்தியார் அவசரமாகச் சொன்னார். "பின்னாலே புல் இருக்கும்மா. அங்கேயே கட்டிக்கோ."

பொன்னி யோசித்தாள். "அப்போ பேர எய்திக்கோ சார்."

"என்னுதும்! என்னுதும்!" என்று வாசல் உள்ளே வந்தது.

எந்தக் காலத்து மிருகமானால் என்ன? தழை தின்கிறது என்றால் நம் ஊரில் அதற்குச் சொந்தக்காரர்கள் கிடைத்துவிடுகிறார்கள்.

"கொம்பை எடுத்துடட்டுங்களா?" என்று கேட்டேன்.

"சாயம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். ரிஜிஸ்டரில் விரல் வைத்து எண்ணினார்.

இருபத்து மூன்று.