எருமை மிரளாத சைலன்ஸர்

மோட்டார் சைக்கிள் ரிப்பேர்க்காரனுக்கு முதலில் போவது காது, அப்புறம் முதுகு, கடைசியில் பொறுமை. ஸ்பானர் பிடித்துப் பிழைத்த உங்களுக்கு இது தெரியாததல்ல; எனக்குப் பொறுமை முதலிலேயே போய்விட்டது.

தபால்கார முதலாளி

அல்சூரில் முதலாளி பாயின் பட்டறையில் நானும் சின்னப்பனும் ஒரே மேஜையில் வேலை பார்த்தோம். பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு வண்டியில் நட்டின் மரை தேய்ந்ததற்கு நான்தான் காரணம் என்று வாடிக்கைக்காரர் முன்னாலேயே சொன்னவன் அவன். அந்த நட்டு தேய்ந்துதான் வந்தது. இன்றைக்கும் அதையே சொல்வேன். அன்றிலிருந்து எனக்குச் சுத்தியல் வேண்டுமென்றால் பாயிடம் கேட்பேன். பாய் அவனிடம் கேட்பார். அவன் பாயிடம் கொடுப்பான். சுத்தியல் என்னவோ என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் கிடக்கும்.

ஒரு நாள் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அரே, நான் முதலாளியா, இல்லே உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரனா?"

ஓடிப்போகும் நோயாளிகள்

மாட்டு டாக்டர் ஒருவர் எங்கள் வாடிக்கை. அவர் வண்டியின் சைலன்ஸர் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. உலகச் சண்டை நடந்த காலம், சீமையிலிருந்து புதுசு வராது. வண்டி போட்ட சத்தத்தில் ஜட்கா குதிரைகள் முன்னங்காலைத் தூக்கின. தொம்மலூரில் ஊர்த்தலைவர் பட்டேலின் எருமை முளையைப் பிடுங்கிக்கொண்டு ஏரியில் இறங்கிவிட்டது. பட்டேல் மேலிடத்துக்குப் புகார் அனுப்பிவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் டாக்டரை மலைநாட்டுக்கு மாற்றிவிடுவார்களாம். அவர் சம்சாரத்துக்கோ நிறைமாதம்.

சைக்கிளில் போகலாமே என்றேன். அவர் பார்க்க வேண்டிய ஊர்களை வரிசையாகச் சொன்னார். கேட்கும்போதே எனக்குக் கால் வலித்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது: "நான் ஊசியை வெளியே எடுக்கறதுக்குள்ள நோயாளி அடுத்த ஊருக்குப் போயிடுதுப்பா."

தேங்காய் நார் வைத்தியம்

நான் முந்திக்கொண்டேன். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிப் பெட்டியாக்கி, உள்ளே தேங்காய் நாரை அடைத்து, ஈயம் பற்றவைத்துப் புகைக்குழாயில் மாட்டினேன். ஸ்டார்ட் செய்ததும் பூனை மாதிரி உறுமியது. சின்னப்பன் ராவிய இடத்தையே திரும்பத் திரும்ப ராவிக்கொண்டிருந்தான். எனக்கு வயிறு குளிர்ந்தது.

டாக்டர் ஏரிக்கரை வரை போய்த் திரும்பினார். சூட்டில் ஈயம் உருகி, டின் ஒரு பக்கம் தொங்க, நார் பற்றிக்கொண்டு ஒரே புகை. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. சின்னப்பன் நிதானமாக அரத்தைக் கீழே வைத்தான். "பாய், சாம்பிராணி போட்டு முடிச்சாச்சான்னு அந்தாளைக் கேளுங்க."

கல்நார்க் கயிறு

அப்புறம் அவன் இறங்கினான். பழைய லாரியிலிருந்து தடித்த இரும்புக் குழாய் ஒன்று. அதற்குள் நுழைகிற மாதிரி இன்னொரு சின்னக் குழாய். சின்னதில் மேலும் கீழும் துளை போட்டான். கோலப்புள்ளி வைத்தது போல ஒன்றுகூட வரிசை தப்பவில்லை. இரண்டுக்கும் நடுவில், பாய்லருக்குச் சுற்றுகிற கல்நார்க் கயிற்றைத் திணித்தான். அது தீப்பிடிக்காது. ஈயத்தைத் தொடவேயில்லை, ஓரத்தை மடித்து ரிவிட் அடித்தான். புகைக்கு வழி நேராக இருந்தது. சத்தம் மட்டும் துளை வழியாகப் போய்க் கல்நாரில் அடங்கியது.

நான் செயின் துடைக்கிற சாக்கில் எல்லாவற்றையும் பார்த்தேன். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்று சோறு இறங்கவில்லை. அவனுக்கா அடக்கம்? பட்டறை அதிரச் சொன்னான்: "பாய், இந்த வண்டி ஓடறப்பவே மேல ஒரு கோழி அடைகாக்கும், பாருங்க."

பட்டேலின் முற்றத்தில்

தொம்மலூரில் வெக்கை நோய்க்குத் தடுப்பூசி போடும் நாள் வந்தது. வழியில் ஏதாவது கழன்றால் மாட்டுவதற்கு ஆள் வேண்டுமென்று பாய் என்னைப் பின்னால் ஏற்றிவிட்டார். கழன்றால் நன்றாக இருக்கும் என்று எனக்கும் இருந்தது. ஆனால் ஊர் நெருங்க நெருங்க, டாக்டரின் பிடரியில் வேர்வை ஓடுவதைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது.

முற்றம் வரைக்கும் வண்டி போயிற்று. கட்டியிருந்த மாடுகள் அசையவில்லை. அந்த எருமை காதை ஒருமுறை ஆட்டி, எங்களை ஏற இறங்கப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து அசை போட்டது. பட்டேல் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். டாக்டர் இறங்கி ஊசியே போட்டுவிட்டார். பட்டேல் திரும்பினார், அடங்கி ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தார், கன்னடம் கலந்து கேட்டார்: "ஏனு டாக்டரே, எப்ப வந்தீங்க? நான் உங்க சத்தத்துக்கில்ல காத்துக்கிட்டிருக்கேன்!"

கல்கண்டு

பட்டேல் புகாரைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மாற்றல் நின்றது. அந்த மாதமே டாக்டருக்கு அவர் வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. கல்கண்டுப் பொட்டலத்தோடு அவர் பட்டறைக்குள் நுழைந்தபோது, வண்டி வாசலில் வந்து நின்றது எங்கள் யாருக்கும் தெரியாது.

முதல் கல்கண்டைச் சின்னப்பன் கையில் வைத்துச் சொன்னார்: "குழந்தை தூங்கறப்ப தொட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல்கிட்டயே ஸ்டார்ட் பண்றேன்ப்பா, கண்ணைக்கூடத் திறக்கல."

ஒருவனோடு பேசாமல் இருப்பது பெரிய காரியமில்லை. டாக்டர் வண்டி வரும்போதெல்லாம் அவன் செய்த சைலன்ஸரைத் துடைத்துக்கொண்டே அவனோடு பேசாமல் இருப்பதுதான் பெரும்பாடு.