வெளுத்துப்போன சோம்பு பாட்டில்

ஹோட்டல் சமையலறையில் எல்லோருக்கும் அவள் ‘சாஸ் அக்கா’. பதினோரு வருடமாக இறாலுக்கும் மீனுக்கும் சாஸ் வைப்பது அவள்தான். இருக்கிற இடமே தெரியாது. யாராவது திட்டினால்கூட அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இறால் வதங்கியதும் சோம்பு மணக்கும் மதுவில் ஒரு மூடி விடுவாள். குப்பென்று தீ எழுந்து அடங்கியபிறகுதான் கிரீம். அப்போதுதான் நெடி போய் மணம் மட்டும் நிற்கும்.

புதிதாக வந்த சூப்பர்வைசர் அந்த மது பாட்டிலைத் தூக்கி ஃப்ரீசரில் வைத்தார். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால், தெளிவாக இருந்த மது கலங்கிக் கிடந்தது.

“தண்ணி கலந்தா இது பாலாட்டம் வெளுக்கும்னு எனக்குத் தெரியாதா? பாதியைக் குடிச்சுட்டு தண்ணி ஊத்தி வச்சது யாரு? பாட்டில் உங்க கையிலதானே இருக்கு?”

“குளிருக்கு சார்...”

“குளிருக்கு ஒரு மூடி போட்டுக்கிட்டீங்களாக்கும்!”

சமையலறையே சிரித்தது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. மதியத்துக்குள் பலகையில் சீட்டு ஒட்டியாகிவிட்டது: சாஸ் அக்கா இனி வெங்காயம் உரிக்க வேண்டும்.

அதே ஹோட்டல் பாரில் வேலை பார்க்கும் அவள் தம்பிக்குப் பொறுக்கவில்லை. “வாயைத் திறந்து சொல்லேன்க்கா! வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு?”

“சொன்னேன்டா. சிரிச்சாங்க.”

“நான் வந்து சொல்றேன்.”

“வேண்டாம். ஊத்திக் கொடுத்ததே நீதான்னு உன்னையும் சேர்த்துடுவாங்க.”

அவளே ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரை எடுத்துப்போய், சூப்பர்வைசர் மேஜைமேல் வைத்து, பாட்டிலை அதற்குள் நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் வெண்மை கரைந்து, மது பழையபடி தெளிந்தது.

“அட, குளிர்தானா!” என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “ஆனா உடனே சீட்டைக் கிழிச்சா என் பேச்சுக்கு என்ன மரியாதை? ஒரு மாசம் போகட்டும்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்தபடி வெங்காய மூட்டையின் முன் போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் ரொட்டி மாஸ்டர்தான் சாஸ் வைத்தார். கிரீமை ஊற்றிவிட்டு அதன் தலையில் மதுவைக் கொட்டினார். பச்சை நெடி அவள் மூக்குவரை வந்தது. அடுத்தடுத்து மூன்று தட்டுகள் திரும்பி வந்தன.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். “அக்கா, கொஞ்சம் அடுப்புப் பக்கம் வாங்களேன்.”

“சீட்டு?”

“அதை நாளைக்குப் பார்ப்போமே.”

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.