தணிகாசலம் வாத்தியாரின் திருத்தம்

அரக்கோணத்திலிருந்து வரும் காலை வண்டி கடம்பத்தூரில் இரண்டு நிமிஷம்தான் நிற்கும். அதற்குள் தணிகாசலம் வாத்தியார் நான்கு பெட்டிகளின் ஜன்னல்களைப் பார்த்து முடித்துவிடுவார். வேட்டி நுனியை இடது கையில் தூக்கிப் பிடித்தபடி முகம் முகமாகத் தேடுவார். தெரிந்த முகம் அகப்பட்டால் ஜன்னல் கம்பியை விடமாட்டார்.

“டேய் வரதா! கனமான கல்லு சீக்கிரம் வுழும்னு சொல்லிக் குடுத்தேனே, அது தப்புடா. பெரிசும் சின்னதும் ஒண்ணாத்தான் வுழும். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

வரதனுக்கு இருபது வயதிருக்கும். பெரம்பூரில் வேலைக்குப் போகிறவன். “சரி சார், சரி சார். வண்டி கெளம்பிடுச்சு, கையை எடுங்க சார்” என்று கெஞ்சினான். வாத்தியார் கையை எடுத்தார். சின்ன நோட்டு ஒன்றை எடுத்து வரதன் பெயரை அடித்தார்.

வயது நாற்பத்திரண்டு. ஒல்லி உடம்பு. பென்சிலுக்கு நூல் கட்டிச் சட்டைப் பொத்தானில் தொங்கவிட்டிருப்பார். பென்சிலைத் தொலைக்கும் பிள்ளைகளை அடிக்கிறவர், தான் தொலைக்கலாமா என்பது அவர் நியாயம். கடம்பத்தூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக ஐந்தாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் அவர்தான். பிரம்புக்குப் பேர்போனவர்.

போன கோடையில் கணக்கும் விஞ்ஞானமும் நடத்தும் வாத்தியார்களுக்குச் சர்க்கார் செலவில் சென்னையில் ஆறு வாரப் பயிற்சி நடந்தது. ரயில் சார்ஜ், சாப்பாட்டுப் படி எல்லாம் உண்டு. முடித்தால் பள்ளிக்கு ஒரு பெட்டி நிறைய ஆய்வுச் சாமான். வட்டாரத்துக்கே ஒரு இடம்தான். லீவில் வேறு யாரும் அசையாததால் தணிகாசலம் போனார்.

மூன்றாம் நாள், பாடம் நடத்தியவர் மாடியிலிருந்து ஓர் இரும்புக் குண்டையும் ஒரு கோலியையும் ஒருசேரக் கீழே போட்டார். இரண்டும் மணலில் விழுந்த சத்தம் ஒன்றாகவே கேட்டது. தணிகாசலம் நம்பவில்லை. தானே மாடியேறிப் பதினோரு தடவை போட்டுப் பார்த்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

பத்து வருஷத்துக்கு முன் பூவம்மாள் என்ற பெண் அவர் வகுப்பில் எழுந்து, “இல்ல சார், ரெண்டும் ஒண்ணாத்தான் வுழுது. நான் போட்டுப் பாத்தேன்” என்றிருக்கிறாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று இவர் கையில் நாலு அடி கொடுத்தார். வகுப்பே சிரித்தது. மறுநாள் முதல் அவள் பள்ளிக்கு வரவில்லை. பயிற்சி முடிந்து வந்ததும் பழைய ஆஜர்ப் பட்டியலைத் தேடி எடுத்து, அன்றைக்கு வகுப்பில் இருந்தவர்கள் பெயரையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பயிற்சியால் என்ன பயன் என்று இலாகாவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ‘பத்தொன்பது வருஷம் தவறாகக் கற்பித்ததை அறிந்தேன்’ என்று முதல் வரி எழுதினார். தலைமையாசிரியர் ஆதிகேசவன் அதைப் படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

“சர்க்கார் காசுல உன்ன அனுப்பிச்சது புதுசாக் கத்துக்கினு வர. நம்ம ஸ்கூல் மானத்த வாங்கவாய்யா?”

“புதுசாக் கத்துக்கினதே இதான் சார்.”

“அடுத்த வருசம் மத்தவங்களுக்கு நடத்த உன்னக் கூப்புடுவாங்க. இந்த வரிய எடுத்துடு, கையெழுத்துப் போடறேன்.”

தணிகாசலம் எடுக்கவில்லை. தலைமையாசிரியர் கையெழுத்துப் போடவில்லை. அறிக்கை அப்படியே போயிற்று. இந்த வருஷம் பயிற்சி நடத்துகிறவர்களின் பட்டியலில் வேறொருவர் பெயர் வந்திருக்கிறது. சாமான் பெட்டி மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.

அந்தக் காலை வண்டியில் தினமும் திருவள்ளூருக்குப் போகிறவன் நான். பூவம்மாள் திருநின்றவூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும், “கூட வர்றீங்களா? தனியாப் போக ஒரு மாதிரியா கீது” என்று என்னைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போனோம்.

அவள் வாசலில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். “இன்னா சார், இவ்ளோ தூரம்?” என்று எழுந்தாள்.

“அன்னிக்கு நீ சொன்னதுதாம்மா சரி. நான் உன்ன அடிச்சது தப்பு.”

எதைச் சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை. தவிட்டுக் கையைத் தொட்டி விளிம்பில் வழித்தாள்.

“எனக்கு அப்பவே தெரியும் சார். அடிச்சதுகூடப் பரவால்ல. எல்லாரும் சிரிச்சாங்க, அதான் வரல.”

மாடு தொட்டியை முட்டியது. அவள் அதன் கழுத்தைத் தள்ளிவிட்டாள்.

“நீ எப்படிம்மா கண்டுபுடிச்ச?” என்று கேட்டார் வாத்தியார்.

அவள் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

“உக்காருங்க சார், சொல்றேன். எங்க கெணத்தாண்ட போயி...”

வாத்தியார் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு அவள் முன் நின்றார்.