காபிக்கு முன்னால் ஒரு மணி நேரம்

குஷாய்குடா தொழிற்சாலையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் விஜயகுமாரிக்கு இன்னும் மூன்று வாரத்தில் மேற்பார்வையாளர் தேர்வு. காலையில் படித்த விதி மத்தியானம் நினைவில் இருப்பதில்லை. பக்கத்து மேஜைக்காரியின் பெயரே ஒருநாள் நாக்கில் வராமல் போனதும் பயந்துபோய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாள். நான்கு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிட்டும் ஹார்மோன் அளவு தேறவில்லை என்று தெரிந்தது.

"மாத்திரையை எதோட போட்டுக்கறீங்க?" என்றார் அந்த ஊரில் தமிழ் தெரிந்த டாக்டர்.

"காபியோடதான். எழுந்ததும் அதானே முதல்ல?"

"அதாம்மா தப்பு. காபி மாத்திரையை உடம்புல சரியா சேரவிடாது. தண்ணியில போட்டுட்டு ஒரு மணி நேரம் பொறுங்க. அந்த ஹார்மோன் குறைஞ்சா மறதி வரும்."

"எப்போ சரியாகும், டாக்டர்?"

"ஆறு வாரமாவது ஆகும்."

மறுநாள் ஐந்தரைக்குத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினாள். கணவர் ராஜீவ் காபியை ஆற்றிக்கொண்டே வந்தார்.

"உனக்கு காபி நக்கோவா? கைக்கு?" வேண்டாமா, ஏன் என்று அந்த ஊர் உருது கலந்து கேட்டார்.

"ஹவ், ஆமா, ஆறரை வரைக்கும் நக்கோ. எதிர்ல நின்னு ஆத்தாதீங்க, வாசனை வருது."

அவர் சிரித்தபடி நகர்ந்தார். அவள் விதிப் புத்தகத்தைத் திறந்தாள். நேற்று தானே அடிக்கோடிட்ட வரி, இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது. தேர்வு ஆறு வாரம் காத்திருக்காது. நினைவை நம்பாமல், அந்த வரியை நோட்டில் எழுதத் தொடங்கினாள்.